நாற்பதுக்கு முப்பத்தெட்டு

இரவு வேலையில் ஒரு வினாத்தாள் தந்தார்கள்.
பெயர் வேண்டாம், சரி பிழை மட்டும் போடுங்கள் என்றாள்
கொழும்பிலிருந்து வந்தவள், நனைந்த குடையை
மருந்து ட்ரொலியில் சாய்த்துவிட்டு.

ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் எச்.ஐ.வி. தொற்றும். பிழை.
நுளம்பு கடித்தால். பிழை.
குத்திய ஊசிக்கு எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள்
மருந்து தொடங்க வேண்டும். சரி.
மாத்திரையை ஒழுங்காக விழுங்கி
இரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்தவர்
துணைக்கு அதைக் கொடுப்பதில்லை. சரி.
பன்னிரண்டாம் கட்டிலில் யாரோ இருமினார்.
போய்ப் பார்த்து வந்து மீதியைப் போட்டேன்.

விடைகளைப் பிறகு வாசித்தாள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு.
பிழைத்ததில் ஒன்று ஏதோ வாரக் கணக்கு.
மற்றது: தொற்றுள்ளவரைத் தொட இரட்டைக் கையுறை வேண்டும்.
சரி என்று போட்டிருந்தேன்.
தெரியாமல் இல்லை.
கை போட்டது.

அவள் கேட்காத கேள்வி
வியாழக்கிழமை டிக்கோயாவில் வந்து இறங்கியது,
போகவந்தலாவை பஸ்ஸில், பதினாறு வாரக் கர்ப்பத்தோடு,
கார்டைப் பொலித்தீன் பையில் சுருட்டிக்கொண்டு.
தவச்செல்வி. மேற்பிரிவு. கொழுந்துக்காரி.

டொக்டர் விதானகே ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார்.
எச்.ஐ.வி. இல்லை. மற்றது இருக்கிறது.
சிங்களத்தில், மெதுவாக, நல்ல மனிதர்,
"அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள் மிஸ்."

விளங்குகிற மாதிரி.
கண்டியில் மூன்று வருடம் படித்தேன்.
கிருமியின் பெயர் இங்கிலீஷில் தெரியும்,
அதன் சுருளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.
கூச்சமில்லாமல் கேட்க வேண்டியதெல்லாம்
சிங்களத்தில் கேட்பேன்.
தமிழில்,
சுவரொட்டியில் 'பாலியல் தொற்று' என்றிருக்கிறது.
அது கந்தோரிலிருந்து வரும் கடிதத்தின் தமிழ்.
எங்கள் லயத்தில் இதற்கு ஒரே ஒரு பெயர்தான்,
பீலியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள்
ஒளித்துச் சொல்வார்கள்.

நான் சொல்லவில்லை. அவளே கேட்டாள்.
"பொம்பளச் சீக்கா மிஸ்?"

யார் வைத்த பெயரோ.
இருட்டில் ஒருவன் இறக்கிவைத்துப் போன சுமைக்கு
இறக்கிய இடத்தின் பெயர்.

"இல்ல" என்றேன்.
"சிபிலிஸ்னு ஒரு கிருமி. ஊசி இருக்கு. சொகமாயிரும்.
புள்ளைக்குப் போகாம நிப்பாட்டலாம்."
கொழுந்துப் பையில் ஒட்டுமா என்றாள். ஒட்டாது.
பெரியவனோடு ஒரே போர்வை. பரவாயில்லை.
"அவருகிட்ட நான் சொன்னா
நாந்தான் கொண்டாந்தேன்பாரு."

அதற்கு என்னிடம் சரியும் இல்லை பிழையும் இல்லை.
ஒரு துண்டு இருந்தது: ஓர் எண், அறை, திகதி.
நோயின் பெயர் போடாத துண்டு.
கையில் கொடுத்தேன். ஜாக்கெட்டுக்குள் போனது.

மூன்று வியாழன். பெனிசிலின் கெட்டி மருந்து,
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும்.
"கொளவி கொட்டுனதுக்கு இது பரவால்ல" என்றாள்
பல்லைக் கடித்துக்கொண்டு.
இங்கே வந்த நாளுக்கு அவளுக்கு அரைப்பேர்கூட விழாது.
தோட்டத்தில் பேர் என்றால் நாட்கூலி;
மூன்று பேர் இழந்து
ஒரு பேரைத் தொலைக்க வந்தவள்.

மூன்றாம் வாரம் வாசலில் ஓர் ஆள்.
மரக்கறி லொறியின் மண் காயாத சேர்ட்,
காசநோய் அறிவித்தலை
மூன்று மொழியிலும் படித்துக்கொண்டு நின்றார்.
துண்டை நீட்டினார், நாலாய் எட்டாய் மடிந்து
மஞ்சள் நாறியது.
"பேரு எழுதணுமா?"
"நம்பர் போதும்."

இரத்தம் எடுத்தோம். பெனிசிலின் ஒவ்வாமையா என்று கேட்டேன்.
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்.
மருந்துக் குப்பியை உருட்டினேன்.
கையுறைப் பெட்டிக்குள் கை போனது,
ஒரு சோடி எடுத்தது, கொஞ்சம் நின்றது,
வெளியே வந்துவிட்டது.

கதவுக்கு அப்பால் வாங்கில் தவச்செல்வி,
கார்டை மடியில் வைத்துக்கொண்டு,
மனுசன் கத்துகிறாரா என்று
காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.